பிக்கப்புக்கு வெளியில் வாங்கிய வீல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு வேறு வீல் மாட்டிய பிக்கப்பைப் பார்த்தால் யாராவது ஒருவர் நின்று விசாரிக்காமல் போவதில்லை. என் வண்டிக்கு மாட்டிய நாளிலிருந்து எனக்கும் இதே கதைதான். ஆள் மாறுகிறார், சந்தேகம் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். வாங்கும் முன் வரும் சந்தேகங்கள் முதலில், மாட்டிய பின் வரும் தலைவலிகள் அப்புறம்.

என் வண்டிக்கு ஆறு போல்ட். ஆறு போல்ட் வீல் எதை வாங்கினாலும் ஏறிவிடும்தானே?

ஏறாது. ஆறு என்பது வெறும் எண்ணிக்கை. அந்த ஆறு போல்ட்டுகளின், அதாவது வீல் உட்காரும் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டுகளின், நடுப்புள்ளி வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். அதைத்தான் பிசிடி என்கிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், மிட்சுபிஷி டிரைட்டன் எல்லாம் 6×139.7, அதாவது ஆறு போல்ட், பிசிடி 139.7 மி.மீ. நிசான் நவாரா டி40-க்கும் ஆறு போல்ட்தான், ஆனால் 6×114.3. ஃபோர்டு எஃப்-150 வண்டிக்கு 2004 முதல் 6×135. முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் அமராக்குக்கு 5×120.

139.7-ம் 114.3-ம் பார்த்தாலே வித்தியாசம் தெரியும், யாரும் ஏமாற மாட்டார்கள். ஆபத்து 135-ம் 139.7-ம் தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஓட்டையில் இருக்கும் கொஞ்சம் இடைவெளியை நம்பி அடித்து ஏற்றப் பார்ப்பவர்கள் உண்டு. நட் ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். அது மாட்டிய வீல் இல்லை, தொங்கும் வீல்.

பிசிடியை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். ஆறு ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்டுகளின் நடுவுக்கு நடு உள்ள தூரமே பிசிடி. நடுவில் ஹப் துருத்திக்கொண்டு டேப்பை நேராக வைக்கவிடாது. அதனால் பக்கத்து ஸ்டட் இரண்டை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 139.7 என்றால் பக்கத்து ஸ்டட் தூரம் 69.85 மி.மீ., 135 என்றால் 67.5. வித்தியாசம் இரண்டரை மி.மீ.கூட இல்லை, அதனால் டேப்பை விட்டுவிட்டு வெர்னியர் காலிபரை எடுங்கள்.

நடுப்புள்ளியைக் கண்ணால் குறிவைக்கத் தேவையில்லை. ஒரு ஸ்டட்டின் இடது ஓரத்திலிருந்து அடுத்ததன் இடது ஓரம் வரை அளந்தால் அதே தூரம்தான் வரும். ஐந்து ஸ்டட் வண்டியில் நேர் எதிரே ஸ்டட் கிடையாது. அங்கே பக்கத்து ஸ்டட் தூரத்தை 1.7-ஆல் பெருக்கினால் போதும்.

வீலின் நடு ஓட்டை என் ஹப்பைவிடப் பெரிதாக இருக்கிறது. பரவாயில்லையா?

பெரிதாக இருந்தால் சமாளிக்கலாம், சிறிதாக இருந்தால் வாங்கவே கூடாது. ஹைலக்ஸின் ஹப் 106.1 மி.மீ., ரேஞ்சரின் ஹப் 93.1. இரண்டுக்கும் பிசிடி ஒன்று என்பதால் 106.1 ஓட்டையுள்ள வீல் ரேஞ்சரிலும் ஏறும். ஆனால் சுற்றிலும் ஆறரை மி.மீ. காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தை நிரப்ப 106.1-க்கு 93.1 என்று அளவு போட்ட வளையம் கிடைக்கும். அதை மாட்டினால் நட்டை இறுக்குவதற்கு முன்பே வீல் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும்.

வளையம் இல்லாமலும் ஓட்டலாம். கூம்பு நட்டுகளே வீலை நடுவுக்கு இழுத்துவிடும், நிறைய வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் மாட்டுபவர் அவசரக்காரராக இருந்தால் வீல் அரை மி.மீ. விலகி நின்றுவிடும், ஸ்டீயரிங்கில் நடுக்கம் வரும். மலைப்பாதையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குபவர் அலுமினிய வளையம் வாங்குவது நல்லது. பிளாஸ்டிக் வளையம் சூட்டில் இளகிப் போகும்.

வளையம் பிளாஸ்டிக் என்றால் வண்டியின் எடையை எது தாங்குகிறது? ஸ்டட்டா?

இந்தக் கேள்வியைக் கேட்டவரை எனக்குப் பிடித்துவிட்டது. இதற்குப் பதில் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எடை ஸ்டட்டில் தொங்கவில்லை, வளையத்திலும் உட்காரவில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ரப்பர் மாதிரி மிகக் கொஞ்சமாக நீளுகிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் வீலின் பின்முகத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் 110 நியூட்டன் மீட்டர் இறுக்கினால் ஒரு ஸ்டட்டுக்குத் தோராயமாக நாலரை டன் கவ்வு விசை வரும். ஆறுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் இரண்டு முகத்துக்கும் நடுவே வரும் உராய்வுதான் எடை, பிரேக், திருப்பம் எல்லாவற்றையும் தாங்குகிறது. வளையத்தின் வேலை மாட்டும்போது நடுவில் நிறுத்துவது மட்டும்.

அப்படியானால் அந்த இரண்டு முகத்துக்கும் நடுவே துரு, பெயின்ட், மண், பழைய கிளிப் என்று எது இருந்தாலும் கவ்வு குறையும். கீழே வரும் பாதிப் பிரச்சினைக்கு இதுதான் காரணம்.

ஆஃப்செட் பிளஸ், மைனஸ் என்கிறார்கள். தலை சுற்றுகிறது. எளிமையாகச் சொல்லுங்களேன்.

ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் உட்காரும் முகம் அந்தக் கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ். வீல் வண்டிக்குள் ஒதுங்கி நிற்கும். கோட்டுக்கு உள்பக்கம் இருந்தால் மைனஸ். வீல் வெளியே தள்ளி நிற்கும். கோட்டின் மேலேயே இருந்தால் பூஜ்ஜியம். வீலின் பின்னால் ஈடி என்று போட்டு மி.மீ. கணக்கில் அச்சிட்டிருப்பார்கள்.

ஆஃப்செட்டை மட்டும் பார்த்தால் போதாது, அகலத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். உதாரணமாக, பழைய வீல் 7.5 அங்குலம், ஈடி 30. புதியது 9 அங்குலம், ஈடி 0. அகலம் 1.5 அங்குலம் கூடியிருக்கிறது. அதாவது 38 மி.மீ., அதில் பாதி 19. வெளிப்பக்கம் 19-உம் 30-உம் சேர்ந்து 49 மி.மீ. தள்ளி வரும். உள்பக்கம் 19 கூடி 30 குறைவதால் முன்பைவிட 11 மி.மீ. இடம் கிடைக்கும். அகலமான டயர் சஸ்பென்ஷனின் மேல் கன்ட்ரோல் ஆர்மில் உரசக்கூடாது என்று பலரும் இந்த அளவுக்குப் போவது இதனால்தான். விலை என்னவென்றால், வெளியே அஞ்சு சென்டிமீட்டர் துருத்தும்.

வெளியே தள்ளி நின்றால்தான் கெத்து. எவ்வளவு வரை போகலாம்?

கெத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் வீல் வெளியே போகப் போக பேரிங்கின் மேல் நெம்புகோல் நீளுகிறது. ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரமும் கூடுகிறது. ஒரு பக்க டயர் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். பேரிங், பால் ஜாயின்ட், டை ராடு எல்லாம் சீக்கிரம் தேயும்.

பழைய நிலையிலிருந்து 20, 25 மி.மீ. வரை வெளியே வந்தால் பெரும்பாலும் வித்தியாசம் உணர மாட்டீர்கள். மேலே சொன்ன 49 மி.மீ. நன்றாகவே தெரியும். டயர் ஃபெண்டரை, அதாவது மட்கார்டைத் தாண்டினால் கல்லும் சேறும் கதவில் அடிக்கும், சட்டமும் பல இடங்களில் அனுமதிக்காது. ஃபெண்டர் விளிம்பு போடும் செலவையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

வீல் மாற்ற வேண்டாம், ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளிவிட்டால்?

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தடிமனான தட்டு. ஹப்பின் ஸ்டட்டில் நட் போட்டு இறுக்கி, தனக்கென்று தனி ஸ்டட் வைத்திருக்கும் நல்ல ஸ்பேசர் வேலை செய்யும். உள்புறம் ஹப் விட்டத்துக்குச் சரியாகவும், வெளிப்புறம் வீலின் நடு ஓட்டைக்குச் சரியாகவும் கடைந்ததாக இருக்க வேண்டும். கவ்வும் இடம் ஒன்றுக்குப் பதில் இரண்டாகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். உள்ளே இருக்கும் நட் லூஸானதா என்று பார்க்க வீலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சும்மா தட்டு மாதிரி செருகும் ஸ்பேசர் ஸ்டட்டின் மரையைத் தின்றுவிடும். அதை நான் போட மாட்டேன்.

சரியான ஆஃப்செட்டில் வீல் கிடைக்கும்போது ஸ்பேசர் எதற்கு என்பது என் கட்சி.

கம்பெனி நட்டையே புது வீலுக்கும் போடலாமா?

முதலில் நட் வீலைத் தொடும் முகத்தைப் பாருங்கள். மூன்று வகை உண்டு: 60 பாகைக் கூம்பு, உருண்டை முகம், வாஷரோடு வரும் தட்டை முகம். வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலும் கூம்புக் குழிதான் இருக்கும். டொயோட்டா அலாய் வீல்களோடு வருவது தட்டை வாஷர் நட். அதைக் கூம்புக் குழியில் போட்டு இறுக்கினால் இறுக்கும் அளவை வைத்துத் திருப்பும் டார்க் ரென்ச்சும் போதும் என்று கிளிக் சத்தம் கொடுக்கும். உண்மையில் வாஷரின் ஓரம் மட்டும் குழியின் விளிம்பில் மெல்லிய வளையமாகத் தொட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் அந்த விளிம்பு நசுங்கும், கவ்வு போய்விடும். கழற்றிப் பார்த்தால் குழியைச் சுற்றி பளபளவென்று ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தால் ஓட்டாதீர்கள்.

அடுத்தது மரை. டொயோட்டா ஹைலக்ஸுக்கு எம்12, அதாவது 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.5 மி.மீ. நிசான் நவாராவுக்கு எம்12, 1.25. எஃப்-150 வண்டிக்கு 2015 முதல் எம்14, 1.5. அதற்கு முன் 2004 முதல் எம்14, 2.0. கையால் சுழற்றும்போதே நட் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே ஸ்பேனர் கேட்டால் மரை தப்பு.

நட் எத்தனை சுற்று ஏறினால் போதும்?

ஸ்டட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு நீளம் மரை பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. ஸ்டட், 1.5 மரை என்றால் எட்டுச் சுற்று. 1.25 மரை என்றால் பத்து. கையால் ஏற்றும்போதே எண்ணிவிடலாம். வீலின் முகம் தடிமனாக இருந்து ஐந்தாறு சுற்றிலேயே நின்றுவிட்டால் நீளமான ஸ்டட் மாற்ற வேண்டும். மூடிய நட்டில் இதற்கு நேர்மாறான தொல்லை ஒன்று வரும். ஸ்டட் நீளமாக இருந்தால் நட்டின் உள் மூடியில் முட்டி நிற்கும். இறுகிய மாதிரி தோன்றும், வீல் லூஸாகவே இருக்கும்.

265/65 ஆர் 17 இருக்கிறது. 285/70 ஆர் 17 போட்டால் எவ்வளவு உயரம் கூடும்?

முதல் எண் டயரின் அகலம் மி.மீ. கணக்கில், இரண்டாவது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். பழைய டயரின் விட்டம் 776 மி.மீ., புதியது 831. வித்தியாசம் 55 மி.மீ. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான், 27 மி.மீ. சொச்சம். சுற்றளவு 7 சதவீதம் கூடுவதால் மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட 7 கி.மீ. வேகமாகப் போவீர்கள். கம்பெனி மீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டியே காட்டும். இந்த டயர் போட்டால் அந்தக் கூட்டல் கரைந்து, குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். இழுவையும் அதே அளவு குறையும்.

பெரிய வம்பில்லாமல் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது 265/70 ஆர் 17. விட்டம் 803 மி.மீ., 3.4 சதவீதம்தான் கூடுதல்.

20 அங்குல வீல் போட்டால் வண்டி உயருமா?

வெளி விட்டம் மாறாமல் பார்த்துக்கொண்டால் உயராது. 265/50 ஆர் 20-இன் விட்டம் 773 மி.மீ., உங்கள் பழைய 17 அங்குல டயர் அளவேதான். மாறுவது டயரின் பக்கச் சுவர். 172 மி.மீ. இருந்தது 132 ஆகும். பள்ளத்தில் அடிவாங்குவது அந்த நாலு சென்டிமீட்டர் ரப்பருக்குப் பதில் இனி ரிம். மணலில் காற்றைக் குறைத்து ஓட்டவும் சிரமம். தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டிக்கு அழகு, காட்டுக்குப் போகும் வண்டிக்கு வேண்டாம்.

பிக்கப்பில் பாரம் ஏற்றுவேன். வீலில் எதைப் பார்க்கணும்?

கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் பின் அச்சு தாங்கும் அதிகபட்ச எடை இருக்கும். 1,800 கிலோ என்று போட்டிருந்தால் ஒரு வீல் குறைந்தது 900 கிலோ தாங்க வேண்டும். வீலின் எண் அதன் பின்பக்கம் அச்சாகியிருக்கும். 690 என்று இருந்தால் அது கார் வீல், எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஜப்பானியத் தர முத்திரை உள்ள வீலில் ஜேடபிள்யூஎல்-டி என்று இருக்கிறதா பாருங்கள். டி இருந்தால் டிரக்குக்கானது. டி இல்லாத ஜேடபிள்யூஎல் பயணியர் கார்களுக்கு.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். 112 என்றால் 1,120 கிலோ, 116 என்றால் 1,250, 121 என்றால் 1,450. வீல், டயர் இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. எல்டி (லைட் டிரக்) வகை டயருக்கு மாறினால் அதே பாரத்துக்குக் காற்று கூடுதலாக வேண்டும். பழைய பிஎஸ்ஐயிலேயே விட்டுவிடாதீர்கள்.

வீல் வந்துவிட்டது. நேராக டயர் ஏற்றிவிடலாமா?

வேண்டாம். டயர் ஏற்றிய வீலைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். முதலில் வெறும் ரிம்மை முன்பக்கம் ஒரு ஹப்பில் மாட்டி, மூன்று நட் போட்டுக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பிரேக் காலிபருக்கும் வீலின் ஆரக்காலுக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. வேண்டும். ரிம்மின் உள்ளே ஒட்டும் பேலன்சிங் ஈயத்துக்கும் இடம் விடுங்கள். ஹப் மூடி பொருந்துகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். நாலு வீல் டிரைவ் வண்டிகளில் முன் ஹப் துருத்திக்கொண்டு மூடியை உட்காரவிடாது.

அப்புறம் ஹப் முகம். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள், மேடு பள்ளம் தெரியக்கூடாது. நடுவில் வீல் நுழையும் உதட்டில் மட்டும் மெல்லியதாகக் கிரீஸ் தடவலாம். அடுத்த முறை வீல் ஒட்டிக்கொள்ளாது. முகத்திலும் ஸ்டட்டிலும் தடவவே கூடாது.

ஸ்டட்டில் எண்ணெய் விட்டால் எளிதாக இறுகுமே?

எளிதாக இறுகும், அதுதான் பிரச்சினை. கம்பெனி சொல்லும் டார்க், அதாவது இறுக்க வேண்டிய அளவு, காய்ந்த மரைக்கானது. எண்ணெய் விட்டால் அதே டார்க்கில் ஸ்டட் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக இழுபடும். இழுபட்டுப் போன ஸ்டட் திரும்பச் சுருங்காது.

எவ்வளவு டார்க்?

உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதுதான். எம்12 ஸ்டட் உள்ள பிக்கப்களில் பொதுவாக 100 முதல் 135 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். எம்14 உள்ள எஃப்-150 வண்டிக்கு 204. வீல் காற்றில் இருக்கும்போது கையால் எல்லா நட்டையும் ஏற்றுங்கள். ஒன்றை இறுக்கியதும் நேர் எதிரில் உள்ளது, அப்புறம் அதற்குத் தள்ளி. பாதி டார்க்கில் ஒரு சுற்று, வண்டியை இறக்கி டயர் தரையில் பட்டதும் முழு டார்க்கில் ஒரு சுற்று. ஏர் கன்னால் கடைசி இறுக்கு வேண்டவே வேண்டாம், அது எவ்வளவு இறுக்கியது என்று அதைப் பிடித்தவருக்கே தெரியாது.

80 முதல் 160 கி.மீ. ஓடியதும் வண்டி ஆறிய பிறகு அதே டார்க்கில் திரும்பவும் பார்க்க வேண்டும். புது வீலின் குழியில் இருக்கும் பெயின்ட் நசுங்கி நட் ஒரு மயிரிழை இறங்கியிருக்கும். அந்த மயிரிழையில் கவ்வு கணிசமாகப் போய்விடும்.

90-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. மூன்று தடவை பேலன்சிங் பார்த்தாச்சு.

மூன்று தடவை பார்த்தும் போகவில்லை என்றால் பேலன்சிங்கை விட்டுவிட்டு வீல் உட்கார்ந்த விதத்தைப் பாருங்கள். என் வண்டியில் இது மூன்று வாரம் ஓடியது. கடைசியில் நானே வீலைக் கழற்றி வெயிலில் கவிழ்த்துப் போட்டேன். பின்முகத்தில் ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் பிறை மாதிரி பாதி வட்டத் தழும்பு. ஹப்பைப் பார்த்தால், அதற்கு நேரான ஸ்டட்டில் காசு அளவில் மெல்லிய தகட்டு கிளிப். தொழிற்சாலையில் வண்டி நகரும்போது பிரேக் டிஸ்க் கழன்று விழாமல் பிடிக்கப் போடுவது அது. கம்பெனி வீலின் பின்னால் அதற்கென்று பள்ளம் இருக்கும், புது வீலில் இல்லை. குறடால் பிடித்து இழுத்துத் தூக்கிப் போட்டேன். நடுக்கம் அன்றோடு சரி.

கிளிப் இல்லையென்றால் நடு வளையம், துரு, நட் வகை என்று மேலே சொன்ன வரிசையிலேயே பாருங்கள். பேலன்சிங் செய்யும் இடத்திலும் ஒன்று கேளுங்கள்: நடு ஓட்டையில் கூம்பை வைத்துப் பிடித்தார்களா, நட் ஓட்டைகளில் விரல் மாதிரி நுழையும் முளைகள் உள்ள தகட்டை வைத்துப் பிடித்தார்களா? வளையமில்லாமல் ஓடும் வீலுக்கு இரண்டாவதுதான் சரி.

நேராகப் போனால் ஒன்றுமில்லை. முழுக்கத் திருப்பி ரிவர்ஸ் எடுத்தால் உரசுகிறது.

எங்கே உரசுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். உரசும் சந்தேகமுள்ள இடங்களில் சாக்குக்கட்டி தடவி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டினால் டயரில் ஒட்டியிருக்கும். மட் ஃபிளாப், ஃபெண்டர் உள் பிளாஸ்டிக் என்றால் வெட்டலாம், சூடாக்கி வளைக்கலாம். கன்ட்ரோல் ஆர்ம், பிரேக் ஹோஸ் என்றால் வெட்ட எதுவுமில்லை, ஆஃப்செட்டோ டயரோ மாற வேண்டும். சமதளத்தில் உரசாத டயர் ஒரு பக்க வீல் மேலேறி நிற்கும்போது உரசும், அதையும் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.

ஸ்டெப்னி பழையதாகவே இருக்கட்டுமே?

இருக்கலாம், இரண்டு நிபந்தனை. அந்த வீலுக்கு ஏற்ற நட் ஒரு செட் வண்டியிலேயே இருக்க வேண்டும். நட் கதை மேலே சொல்லிவிட்டேன், பஞ்சரான ராத்திரியில் அது ஞாபகம் வந்து பயனில்லை. இரண்டாவது, புது டயர் விட்டம் வேறு என்றால் ஸ்டெப்னி மாட்டிய வண்டியில் ஃபோர் வீல் டிரைவ் போடக்கூடாது. ஒரு டயர் சின்னதாக இருந்தால் முன், பின் வீல்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரென்ஷியலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஓரமாக மெதுவாக அடுத்த பஞ்சர் கடை வரை போகலாம், அவ்வளவுதான்.

ஒரு நட் லூஸானது தெரியாமல் ஓட்டிவிட்டேன். இப்போது இறுக்கிவிட்டேன். போதும்தானே?

போதாது. வீலைக் கழற்றி ஓட்டை வட்டமாகவே இருக்கிறதா, முட்டை மாதிரி நீண்டிருக்கிறதா பாருங்கள். நீண்டிருந்தால் அந்த வீல் முடிந்தது, வெல்டிங் வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாகப் பொடி படிந்திருந்தால் வீல் ஹப்பின் மேல் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

லூஸான நட்டின் வேலையை அதன் இரண்டு பக்கத்து ஸ்டட்டும் சேர்ந்து பார்த்திருக்கும். அதனால் அந்த ஸ்டட்டோடு பக்கத்து இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றுக்கு மேல் லூஸாக இருந்திருந்தால் அந்த ஹப்பில் எல்லாவற்றையும். மாற்றிய பிறகு அந்த 80 கி.மீ. சோதனையைத் திரும்ப முதலிலிருந்து எண்ணுங்கள்.